14,400 நியூட்டன் எங்கிருந்து வந்தது?

அறிவியல் கணக்குகளைச் சொல்லிக்கொடுக்க நான் கட்டிய மென்பொருளின் முதல் பதிப்பு ஒரே மாலையில் முடிந்துவிட்டது. சாட்ஜிபிடி போன்றவற்றுக்குள் ஓடும் ஒரு பெரிய மொழி மாடலை நிரலிலிருந்து கூப்பிட ஓர் ஏபிஐ, நாற்பது வரி பைத்தான் நிரல், "நீ ஓர் அன்பான அறிவியல் ஆசிரியர், ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குப் புரியும்படி விளக்கு" என்று மாடலுக்கு ஓர் அறிவுறுத்தல் (பிராம்ப்ட்), கேள்வியைத் தட்ட ஒரு பெட்டி. அவ்வளவுதான். அக்கா மகளிடம் கொடுத்தேன். வீட்டுப்பாடக் கணக்கு ஒன்றை அவள் அப்படியே உள்ளே போட்டாள்.

1000 கிலோகிராம் நிறையுள்ள வண்டி ஒன்று மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பிரேக் போட்டதும் 5 வினாடியில் நின்றுவிடுகிறது. பிரேக் கொடுத்த விசை எவ்வளவு?

கண்ணை மூடித் திறப்பதற்குள் விடை வந்தது. மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 20 மீட்டர், அதை 5ஆல் வகுத்தால் முடுக்கத்தின் அளவு 4, நிறையால் பெருக்கினால் 4000 நியூட்டன். ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் இருந்தது. "சித்தி, சூப்பரா இருக்கு" என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அதே கணக்கை வெறும் தாளில் போடச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 14,400 நியூட்டன் என்று எழுதினாள்.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அடுத்த ஐந்து மாத வேலையும் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கியது. அவளுக்கு முடுக்கம் கண்டுபிடிக்கத் தெரியும். அதை நிறையால் பெருக்க வேண்டும் என்பதும் தெரியும். 72ஐ மாற்றாமல் அப்படியே 5ஆல் வகுத்திருக்கிறாள், 14.4 வந்திருக்கிறது. ஆயிரத்தால் பெருக்கினால் 14,400. ஒரே ஓர் இடத்தில்தான் சறுக்கல். பக்கத்தில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருந்தால் அந்த எண்ணைப் பார்த்தவுடனே "72 எந்த அலகுல இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். என் மென்பொருள் அவளை எதுவுமே கேட்கவில்லை. அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிந்துகொள்ள அதற்கு வழியே வைக்காமல் கட்டியிருந்தேன்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த விஷயம் இல்லை. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப்பள்ளி மாணவர்களை வைத்துக் கணிதப் பாடத்தில் செய்த ஓர் ஆய்வு 2025இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் பிஎன்ஏஎஸ் இதழில் வந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் சாதாரண அரட்டைக் கருவியோடு பயிற்சி செய்தவர்களின் பயிற்சி மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, கருவியையே பார்க்காத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். இன்னொரு குழுவுக்கு, ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகளை வைத்துக்கொண்டு விடையை நேராகச் சொல்லாமல் வழிகாட்டும் கருவி. அவர்களுக்குப் பயிற்சியில் 127 சதவீத உயர்வு, தேர்வில் அந்தச் சரிவும் பெரும்பாலும் இல்லை. இரண்டு கருவிகளுக்குள்ளும் ஓடியது ஜிபிடி-4 என்ற ஒரே மாடல்தான். ஆசிரியர்கள் எழுதித் தந்த குறிப்புகளும், விடையைச் சொல்லாதே என்ற கட்டுப்பாடும்தான் வித்தியாசம். இதைப் படித்த பிறகு எந்த மாடல் நல்ல மாடல் என்று தேடுவதை நிறுத்திவிட்டேன்.

பிராம்ப்டில் ஒரு வரி சேர்த்தால் போதுமா

போதாது. "விடையைச் சொல்லாதே, கேள்வி கேட்டு வழிநடத்து" என்று சேர்த்தேன். பதிவில் இருந்து ஓர் உரையாடல் அப்படியே:

மாணவி: தெரியல
மென்பொருள்: முதலில் அலகுகளைப் பார். வேகம் எந்த அலகில் இருக்கிறது?
மாணவி: தெரியல
மென்பொருள்: பரவாயில்லை! 72ஐ 3.6ஆல் வகுத்தால் 20. இப்போது முடுக்கம் என்ன?
மாணவி: புரியல சொல்லு
மென்பொருள்: சரி, சேர்ந்தே செய்வோம். 20 வகுத்தல் 5 என்றால் 4. 1000 பெருக்கல் 4 என்றால் 4000 நியூட்டன். இப்போது புரிகிறதா?
மாணவி: ம்

மூன்று தடவை "தெரியல" என்று தட்டினால் விடை கையில். பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகாது. அவர்கள்மேல் தப்பும் இல்லை. விடை வேண்டும் என்று கேட்டுத்தான் நோட்டையே திறக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய பிரச்சினையைக் காட்டியவர் இயற்பியல் ஆசிரியையாக இருக்கும் என் தோழி. மாணவர் மாதிரியே உட்கார்ந்து அவர் பேசிப் பார்த்தார். மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும் அந்தக் கணத்தில் முடுக்கம் எவ்வளவு என்பது கேள்வி. வேண்டுமென்றே "சுழி" என்று போட்டார். மாடல் முதலில் சரியாகவே மறுத்தது. "இல்ல, அங்க பந்து நிக்குது. நிக்கிற பொருளுக்கு எப்படி முடுக்கம் இருக்கும்?" என்றார். கொஞ்சம் தடுமாறியது. "எங்க டீச்சர் சுழின்னுதான் சொன்னாங்க" என்று அடுத்த அடி. மாடல் மன்னிப்புக் கேட்டுவிட்டு, உச்சியில் முடுக்கம் சுழிதான் என்று ஒத்துக்கொண்டது. அதற்கு ஒரு விளக்கத்தையும் தானே தயாரித்துக் கொடுத்தது.

"இது விடை தப்புங்கறதோட போகலப்பா. குழந்தை மனசுல ஏற்கெனவே இருக்கற தப்புக்கு முத்திரை குத்திக் கொடுக்குது" என்றார் தோழி. அன்று ராத்திரி அந்தப் பதிப்பை மூடினேன்.

கேட்பவர், பேசுபவர்

மூன்றாவது பதிப்பில் வேலையை இரண்டாகப் பிரித்தேன். மாணவர் சொல்வதைக் கவனித்துக் கேட்கும் பகுதிக்குக் கேட்பவர் என்று பெயர் வைத்தேன், பதில் சொல்லும் இன்னொன்றுக்குப் பேசுபவர். இரண்டும் ஒரே மாடலுக்குப் போகும் தனித்தனி அழைப்புகள்தான். ஆனால் இரண்டுக்கும் தெரிந்தது வேறு வேறு.

கேட்பவரிடம் கேள்வி, தீர்வின் படிகள், அந்தக் கேள்வியில் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளின் பட்டியல், மாணவர் கடைசியாக எழுதியது எல்லாம் போகும். அது ஒரு வாக்கியம்கூட எழுதக் கூடாது. மாணவர் எந்தப் படியில் இருக்கிறார், பட்டியலில் எந்தத் தவறு தெரிகிறது, அல்லது "பட்டியலில் இல்லை" என்று, நிரல் எளிதாகப் படிக்கும் ஜேசான் வடிவில் குறியீடு மட்டும் கொடுக்கும்.

நடுவில் சாதாரண பைத்தான். அடுத்து எந்தக் குறிப்பைக் கொடுப்பது, எப்போது கேள்வியைச் சின்னதாக்குவது என்பதை அதுதான் முடிவு செய்யும். "தெரியல" என்று மூன்று தடவை வந்தால் விடையை நோக்கி நகராது. இன்னும் கீழே இறங்கி, ஒரு மணி நேரத்தில் எத்தனை வினாடி என்று கேட்கும். அதற்கும் வழியில்லை என்றால் வேறு எண்களோடு ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டிவிட்டு, பழைய கணக்குக்குத் திரும்பி வரும்.

பேசுபவரிடம் போவது, தேர்ந்தெடுத்த குறிப்பும் கடைசி நாலைந்து வரி உரையாடலும் மட்டும். தீர்வைக் காட்டுவதே இல்லை. தெரியாததை உளற முடியாது என்று நினைத்தேன். அந்த நினைப்பு பாதிதான் சரி. உரையாடல் வரிகளில் 72, 5, 1000 என்று எண்கள் கிடந்தால் பேசுபவர் தானே கணக்குப் போட்டு விடையைச் சொல்லிவிடுகிறது. அதனால் வாசலில் ஒரு காவல் வைத்தேன். வெளியே போகும் ஒவ்வொரு பதிலிலும் எண்களைப் பிரித்தெடுத்து, மாணவர் இன்னும் கண்டுபிடிக்காத எண் அதில் இருந்தால் அந்தப் பதிலைக் கிழித்துப் போட்டு வேறு கேட்கும். இரண்டாவது தடவையும் கசிந்தால், ஆசிரியை எழுதி வைத்த குறிப்பே எழுத்து மாறாமல் போகும்.

ஒரு வாரம் நிம்மதி. அப்புறம் ஒரு நாள் பதிவுகளைப் படித்துக்கொண்டிருந்தபோது "ஆக, விசை நாலாயிரம் நியூட்டன் வருமா என்று பார்" என்று ஒரு வரி. காவல் இலக்கங்களைத்தான் தேடியது. எழுத்தில் எழுதிய எண் நேராக நடந்து வெளியே போய்விட்டது. நாலாயிரம், நான்காயிரம், நாலு ஆயிரம் என்று எண்ணுப் பெயர்களை எண்ணாக மாற்றும் அட்டவணை எழுத ஒரு முழு நாள் ஆனது. தமிழில் எண்ணுப் பெயர்கள் ஒட்டிக்கொள்ளும் விதம் உண்மையிலேயே அழகு. ஆனால் நிரல் எழுதுகிறவர் அதற்கு நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

பந்துக் கேள்விக்கும் இந்தப் பிரிவினைதான் மருந்தானது. எது சரி என்ற முடிவு இப்போது மாடலிடம் இல்லை, தீர்வும் தவறுகளும் எழுதி வைத்த கோப்பில் இருக்கிறது. மாணவர் எத்தனை தடவை அடித்துச் சொன்னாலும் கேட்பவர் "தவறு 3: திசைவேகம் சுழி என்பதால் முடுக்கமும் சுழி" என்றுதான் குறிக்கும். மன்னிப்புக் கேட்க அதற்கு வாயே இல்லை.

அந்தத் தவறு 3க்குத் தோழி எழுதிய குறிப்புகள் எனக்கு மிகவும் பிடித்தவை. முதலாவது: "உச்சிக்குப் போவதற்கு 0.1 வினாடி முன்னால் பந்து எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது? 0.1 வினாடி கழித்து?" முன்னால் மேல்நோக்கி வினாடிக்கு 0.98 மீட்டர், பின்னால் கீழ்நோக்கி அதே 0.98. ஆக 0.2 வினாடியில் திசைவேகம் 1.96 மாறியிருக்கிறது. வகுத்தால் 9.8. முடுக்கம் அங்கேயும் குறையவில்லை என்பதை மாணவரே கணக்குப் போட்டுப் பார்த்துவிடுகிறார். அதிலும் நகரவில்லை என்றால் இரண்டாவது: "உச்சியில் திசைவேகமும் சுழி, முடுக்கமும் சுழி என்றால் பந்து ஏன் கீழே வர வேண்டும்? அங்கேயே இருந்துவிடலாமே?" இந்தக் கேள்விக்கு முன்னால் மாணவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பதிவில் பார்க்கிறேன். மற்ற கேள்விகளைவிட அதிகம். அப்படி யோசிப்பதற்காகத்தானே இவ்வளவும்.

தவறுகளைக் கணக்கிடுவது

இப்போது 14,400க்கு வருகிறேன். எண் கணக்குகளில் கேட்பவரை நம்பி உட்காரத் தேவையே இல்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. மொழி மாடலுக்கு எண்கணிதம் உறுதியான நிலம் இல்லை. பைத்தானுக்கு அது பிறந்த வீடு. சிம்பை நூலகம் சமன்பாடுகளைப் பார்த்துக்கொள்ளும், பிண்ட் நூலகம் அலகுகளைப் பார்த்துக்கொள்ளும். சரியான விடையைக் கணக்கிடும் அதே நிரலில் ஒரு படியை வேண்டுமென்றே தவறாகச் செய்தால், அந்தத் தவறைச் செய்யும் மாணவருக்கு என்ன விடை வருமோ அது வரும்.

யோசனை பழையது. 1970களின் இறுதியில் ஆய்வாளர்கள் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் இருவரும் கழித்தல் கணக்குக்கு இப்படி ஒன்று செய்தார்கள், பெயர் பக்கி. பிள்ளைகள் கழித்தலில் செய்யும் தவறுகள் கவனக்குறைவால் கண்டபடி வருபவை அல்ல, பெரும்பாலும் ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்பது அவர்கள் காட்டியது. அந்த விதியைக் கண்டுபிடித்துவிட்டால் மாணவர் அடுத்த கணக்குக்கு என்ன தவறான விடை எழுதுவார் என்பதைக்கூட முன்கூட்டிச் சொல்லலாம்.

வண்டிக் கணக்குக்கு எனக்குக் கிடைத்த பட்டியல் இது. அலகை மாற்றாவிட்டால் 14,400. 3.6ஆல் வகுப்பதற்குப் பதில் பெருக்கினால் 51,840. நேரத்தால் வகுக்க மறந்து நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் 20,000, அது உந்தம். நேரத்தால் வகுப்பதற்குப் பதில் பெருக்கினால் 1,00,000. நிறையும் எடையும் குழம்பி 9.8ஆலும் பெருக்கிவிட்டால் 39,200. இயக்க ஆற்றல் வாய்பாட்டைப் போட்டால் 2,00,000. மைனஸ் 4000 என்று எழுதினால் அது தவறே இல்லை, "மைனஸ் எதைச் சொல்கிறது?" என்று மட்டும் கேட்க வேண்டும். மாணவர் ஓர் எண்ணை எழுதியதும் பட்டியலில் தேடினால் போதும், மாடலைக் கூப்பிடாமலேயே எந்தப் படி சறுக்கியது என்று தெரிந்துவிடுகிறது.

இதில் எதிர்பாராத ஒரு சிக்கல். என் கேள்வி வங்கியில் இன்னொரு வண்டி இருந்தது, மணிக்கு 36 கிலோமீட்டர், 1000 கிலோகிராம், 2 வினாடியில் நிற்கிறது. சரியான விடை 5000. ஒரு மாணவர் 10,000 என்று எழுதினார். மென்பொருள் உந்தத்துக்கும் விசைக்கும் வித்தியாசம் சொல்ல ஆரம்பித்தது. அவர் எழுதியதோ வண்டியின் எடை. 36 என்பது வினாடிக்கு 10 மீட்டர், ஈர்ப்பு முடுக்கத்தையும் அவர் 10 என்று வைத்துக்கொண்டார். இரண்டு வேறு தவறுகள், ஒரே எண். அந்தப் பிள்ளைக்குத் தான் செய்யாத தவறுக்குப் பாடம் கேட்க வேண்டியதாயிற்று. எனக்கு அது உறுத்தியது. அன்றிலிருந்து கேள்வி வங்கியில் எதைச் சேர்த்தாலும் முதலில் எல்லாத் தவறுகளையும் ஓடவிட்டு, எந்த இரண்டும் ஒரே எண்ணில் வந்து மோதாதபடி எண்களை மாற்றிவிடுகிறேன். தவிர்க்கவே முடியாத இடத்தில் "இந்த 10,000 எப்படி வந்தது, ஒரு வரி எழுது" என்று கேட்கும். நல்ல கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் இதை மனசுக்குள்ளேயே செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தோழி சொன்னபோது அவர்கள் வேலையின்மேல் எனக்கு மரியாதை கூடியது.

தமிழ் கேட்ட கூடுதல் வேலை

விளக்கக் கேள்விகளுக்குப் பாடப்பகுதியைத் தேடி எடுத்து மாடலிடம் கொடுக்க ஒரு தேடல் வைத்திருந்தேன். "மோதல்" என்று தேடினால் சில பக்கங்கள் வரவே இல்லை. திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே சொல். பைட்டுகளை விரித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, கணினிக்கு வேறு. எல்லா உரையையும், இரண்டையும் ஒற்றைக் குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றியதும் அது தீர்ந்தது. ஔகாரம் மட்டும் அப்படித் தீராது. "பௌதிகம்" என்பதில் சிலர் ஔகாரக் குறியைப் போடாமல் கொம்பும் ளகரமும் தட்டியிருப்பார்கள். அது வேறு எழுத்தாகவே போய்விட்டதால் தனியாகப் பிடிக்க வேண்டும்.

விசை, விசையை, விசைக்கு, விசையால், விசையின் என்று ஒட்டுகள் மாறுவதால் சொல்லைச் சொல்லோடு பொருத்தும் தேடல் தமிழில் பாதிதான் வேலை செய்யும். வேர்ச்சொல் பிரிப்பானையும் பொருள் அடிப்படையிலான எம்பெடிங் தேடலையும் சேர்த்து வைத்தேன். செலவுக் கணக்கும் உண்டு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். "விசை" என்ற சின்னச் சொல்லே 12 பைட். மாடல் உரையை நறுக்கிக்கொள்ளும் துண்டுகளான டோக்கன்களின் எண்ணிக்கை ஏறும், பதில் மெதுவாகும். குறிப்புகளைச் சுருக்கமாக எழுத இது ஒரு நல்ல நெருக்கடி.

இதையெல்லாம்விட என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கலைச்சொல். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிறை என்றால் கிலோகிராமில் அளப்பது. நியூட்டனில் அளப்பது எடை. இலங்கைப் பாடநூல்களில் கிலோகிராமில் அளப்பது திணிவு. நிறை என்றால் நியூட்டனில் அளப்பது. ஒரே சொல், இரண்டு வேறு பௌதிக அளவு. வேகமும் அப்படித்தான். ஓரிடத்தில் திசையற்றது, அங்கே திசையுள்ளதற்குத் திசைவேகம் என்று பெயர். இன்னோரிடத்தில் திசையுள்ளதே வேகம், திசையற்றது கதி. இணையத்தில் கிடைத்த உரையை எல்லாம் ஒரே கூடையில் கொட்டியிருந்ததால், நிறைக்கும் எடைக்கும் வேறுபாடு கற்பிக்க வேண்டிய கருவியே இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு பகுதிக்கும் எந்த வழக்கு என்று அடையாளம் போட்டிருக்கிறேன். மாணவர் முதல் தடவை உள்ளே வரும்போது முடுக்கம் என்று படிக்கிறாரா, இலங்கை வழக்கில் ஆர்முடுகல் என்று படிக்கிறாரா என்று கேட்டுவிடும். அந்த ஒரு பதிலிலேயே மற்றதெல்லாம் தெரிந்துவிடும்.

இன்னொன்று, நீ, நீங்கள். மாடல் ஒரே பதிலில் "நீ யோசித்துப் பார்" என்று தொடங்கி "நீங்கள் கணக்கிடுங்கள்" என்று முடிக்கும். பிள்ளைகளுக்கு அது உடனே உறுத்துகிறது. எல்லாவற்றையும் "நீ" என்று வைத்தேன். கூடவே ஒவ்வொரு பதிலின் தொடக்கத்திலும் வரும் "இது ஒரு சிறந்த கேள்வி!" என்பதை அடியோடு எடுத்தேன். எல்லாக் கேள்வியையும் சிறந்த கேள்வி என்றால் மாணவர் அதைப் படிப்பதையே விட்டுவிடுகிறார்.

புரிந்ததா என்று எப்படித் தெரியும்

"புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் "ம்" என்பார்கள். அதனால், ஒரு திறன் மாணவருக்குத் தெரியுமா என்பதை அவர் விடைகளிலிருந்து கணிக்க, ஆய்வாளர்கள் கார்பெட், ஆண்டர்சன் இருவரும் 1990களில் முன்வைத்த பேயீசிய அறிவுத் தடமறிதல் முறையை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு திறனுக்கும் நான்கே எண்கள்: முன்பே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒரு பயிற்சியில் புதிதாகக் கற்கும் வாய்ப்பு, தெரிந்தும் சறுக்கும் வாய்ப்பு, தெரியாமலே குருட்டாம்போக்கில் சரியாகப் போடும் வாய்ப்பு.

அலகு மாற்றம் தெரிந்திருக்க வாய்ப்பு 0.4 என்று வைத்துக்கொள்வோம். சறுக்கல் 0.1, ஊகம் 0.2. சரியாகப் போட்டால் 0.4ஐ 0.9ஆல் பெருக்க 0.36. தெரியாமல் ஊகித்திருந்தால் 0.6ஐ 0.2ஆல் பெருக்க 0.12. ஆக 0.36ஐ 0.48ஆல் வகுத்தால் 0.75. அந்தப் பயிற்சியில் கற்றிருக்க 0.1 வாய்ப்பையும் சேர்த்தால் 0.775. தவறாகப் போட்டிருந்தால் இதே கணக்கு 0.17 பக்கம் இறங்கிவிடும். தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். ஏன் இந்த எண் வந்தது என்று ஓர் ஆசிரியருக்கு விளக்கவும் முடியும். அதனால்தான் இன்னும் பெரிய முறைகளுக்குப் போகவில்லை.

இதிலும் ஒரு பிழை செய்தேன். மூன்று குறிப்பு வாங்கிய பிறகு சரியாகப் போட்டதையும் "சரி" என்றே கணக்கில் ஏற்றிவிட்டேன். திரையில் அக்கா மகளின் அலகு மாற்றம் 0.93. தாளில் கொடுத்தால் மறுபடியும் 14.4. குறிப்போடு வந்த விடை, குறிப்பில்லாத விடை இரண்டையும் பிரித்தேன். முதலாவது கற்கும் வாய்ப்பை மட்டும் கூட்டும், தெரியும் என்பதற்குச் சாட்சி ஆகாது. மறுநாள் உதவியின்றி வேறு எண்களோடு ஒரு கணக்கைக் கேட்டு, அது சரியானால்தான் எண் ஏறும். அந்த மாற்றத்துக்குப் பிறகு எல்லோருடைய எண்களும் சடசடவென்று இறங்கின. இறங்கிய எண்கள்தான் வகுப்பில் தோழி பார்ப்பதோடு ஒத்துப்போயின.

சோதனை

மனிதர்களுக்குப் பதில் மாடலையே மாணவராக நடிக்கவிட்டுச் சோதிக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். செய்தேன். நடிக்கும் மாணவர் இரண்டே குறிப்பில் "ஓ, இப்போது புரிகிறது!" என்று தன் தவறை விட்டுக்கொடுத்துவிடுகிறார். உண்மையான பிள்ளைகள் தங்கள் நம்பிக்கையை அவ்வளவு லேசில் விடுவதில்லை. விசை இருந்தால்தான் பொருள் நகரும் என்ற தவறான எண்ணத்தை, அதற்கு எதிராகப் பரீட்சையில் சரியாக எழுதிவிட்டுக்கூட உள்ளே வைத்துக்கொள்கிறார்கள். 1992இல் இயற்பியல் கல்வி ஆய்வாளர் ஹெஸ்டனஸும் உடனிருந்தவர்களும், விசை பற்றிய புரிதலை அளக்கும் விசைக் கருத்துத் தேர்வைக் கட்டியபோது தவறான விடைகளை மாணவர்களின் உண்மையான எண்ணங்களிலிருந்து எடுத்தது இதனால்தான். கல்லூரி இயற்பியல் படித்து முடித்தவர்களே அந்த எளிய கேள்விகளில் தடுக்கி விழுந்தார்கள். நடிப்பு மாணவரை, நிரல் உடைகிறதா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொண்டேன்.

மற்றபடி, பெற்றோர் சம்மதத்தோடு, பெயர் நீக்கிய அறுபது உண்மை உரையாடல்கள். ஒவ்வொரு வரிக்கும் எந்தத் தவறு என்று தோழி கையால் குறித்தார். பிராம்ப்டில் ஒரு சொல்லை மாற்றினாலும் அறுபதும் மறுபடி ஓடும். "யோசித்துப் பார்" என்பதை "கவனி" என்று மாற்றியதில் ஏழு இடங்களில் பேசுபவரின் போக்கு மாறியதைப் பார்த்த பிறகு அந்த ஓட்டத்தை நான் தவிர்ப்பதே இல்லை.

வேதியியலில் மட்டும் தனிக் கவனம். "ப்ளீச்சிங் பவுடர்ல ஆசிட் ஊத்திப் பார்க்கலாமா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. குளோரின் வாயு வெளிவரும். இப்படிப்பட்டவற்றுக்கு மாடலிடம் போகாமல், நேரடியாக எழுதி வைத்த எச்சரிக்கையும் காரணமும் வரும். வளைத்து வளைத்துக் கேள்வி கேட்டு வழிநடத்த வேண்டிய இடமில்லை இது.

இப்போது இயக்கவியலும் வெப்பமும் ஓடுகின்றன. ஒளியியலில் கதிர்ப்படம் வரைந்து காட்டுவதை மென்பொருளால் படிக்க முடியவில்லை. அம்புக்குறி எந்தப் பக்கம் என்பதில் தடுமாறுகிறது, அதனால் வெளியே விடவில்லை.

போன வாரம் அக்கா மகள் பந்துக் கேள்வியை முடித்தாள். குறிப்பு இரண்டோடு, உச்சியில் 9.8 என்று தானே வந்து சேர்ந்தாள். அடுத்த வரியில் எழுதினாள்: "அப்ப நிலாவும் விழுந்துட்டேதான் இருக்கா?"

கேட்பவர் அதற்கு "பட்டியலில் இல்லை" என்று குறித்தது. பேசுபவர், "நாம் பந்துக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அடுத்த கேள்விக்குப் போகலாமா?" என்றது. அவள் போய்விட்டாள்.

அந்தப் பதிவைப் பார்த்ததும் பட்டியலில் புதிதாக ஒரு குறியீடு சேர்த்தேன்: "மாணவரின் சொந்தக் கேள்வி". அது வந்தால் கணக்கு அங்கேயே நிற்கும், எண் எதுவும் ஏறாது இறங்காது, பேசுபவருக்கு "நீ என்ன நினைக்கிறாய்? ஏன் அப்படித் தோன்றியது?" என்று கேட்க மட்டும் அனுமதி. கேள்வி அப்படியே தோழிக்கும் எனக்கும் வந்து சேரும். நேற்று அவளை உட்கார வைத்து, நிலாக் கேள்வியை மறுபடி தட்டச் சொன்னேன். திரையில் "ஏன் அப்படித் தோன்றியது?" என்று வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள்.